திருகிய கழுத்தும் நொய்யரிசியும்

“குஞ்சுக்குக் கழுத்து திருகிக்கிச்சுண்ணே, என்ன மருந்து போடலாம்?”

டீக்கடை பெஞ்சில் இந்தக் கேள்வி வந்தால் திருப்பிக் கேட்க என்னிடம் நான்கு கேள்விகள் உண்டு. கழுத்து எப்படி இருக்கிறது, திருகலா தொங்கலா? ஒரு குஞ்சுக்கா, பலதுக்கா? எச்சம் என்ன நிறத்தில் போகிறது? இதுவரை என்ன தீனி போட்டீர்கள்? கேட்டவர் முகம் மாறிவிடும். “பேரைச் சொன்னா வாங்கிட்டுப் போயிருவேன், மெடிக்கல் மூடுற நேரம்” என்பார். உட்காருங்கள் தம்பி, டீ சொல்லியாகிவிட்டது. இந்த நான்குக்கும் பதில் தெரியாமல் வாங்குகிற மருந்து பெரும்பாலும் வீண் செலவு.

கழுத்து திருகுவது ஒரு நோயின் பெயர் இல்லை. மூளையிலோ நரம்பிலோ காதிலோ ஏதோ கோளாறு என்று வெளியே தெரிகிற அடையாளம், அவ்வளவுதான். சத்துக் குறைந்தாலும் திருகும், தலையில் அடிபட்டாலும் திருகும், வெள்ளைக்கழிச்சல் வந்தாலும் திருகும். முதலாவது சில மணி நேரத்தில் நேராகிவிடக்கூடும். கடைசியானது தெருவில் இருக்கிற கோழிகளையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடும். கழுத்தை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். வித்தியாசம் தெரிவது எச்சத்திலும், மூச்சிலும், தீனித் தட்டிலும்.

முதலில், பயப்பட வேண்டாதவற்றைத் தள்ளிவிடுவோம். பொரித்து ஒன்றிரண்டு நாளான குஞ்சு தூங்கும்போது தலையைத் தரையில் போட்டு, காலை நீட்டிச் செத்தது மாதிரியே கிடக்கும். விரலால் தொட்டால் ‘கீச்’ என்று எழுந்து ஓடினால் அது தூக்கம்தான். கழுத்தில் இறகே இல்லாத மொட்டைக் கழுத்துக் கோழி ஓர் இனம், பிறவியிலேயே அப்படி. அதற்கு எண்ணெய் தடவி வைத்தியம் பார்க்க வேண்டியதில்லை.

இனி நிஜமான கோளாறுகள். கழுத்து மூன்று விதமாகக் கெடும்: துவண்டு தொங்கும், நீண்டு வாய் பிளக்கும், திருகிக்கொள்ளும். முதல் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். மூன்றாவதற்குத்தான் இரண்டாவது டீ வேண்டும்.

துவண்டு தொங்கும் கழுத்தைக் கையில் எடுத்தாலே தெரியும். நனைந்த துணியாகச் சரியும், விறைப்பே இருக்காது. கண் பாதி மூடியிருக்கும், இறக்கையும் காலும் தளர்ந்திருக்கும், இறகைப் பிடித்தால் சுலபமாகக் கையோடு வரும். வளர்ந்த கோழிக்கும் குஞ்சுக்கும் ஒன்றாகவே இது வந்தால், பக்கத்தில் எங்கோ ஏதோ அழுகிக் கிடக்கிறது என்று தேடுங்கள். செத்த எலி, குப்பைமேட்டில் வீசிய கோழிக்கழிவு, அதில் நெளிகிற புழு. அழுகிய சதையில் வளரும் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் நச்சு அந்தப் புழுவின் உடம்பிலும் இருக்கும். புழு என்றால் கோழிக்கு விருந்தாயிற்றே, பொறுக்கித் தின்றுவிடும். அழுகியதை எடுத்து ஆழமாகப் புதைப்பதும், கோழிகளை அடைத்து வைத்துச் சுத்தமான தண்ணீர் காட்டுவதும், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுவதும்தான் வழி. லேசாகப் பாதித்தவை சில நாளில் தேறும். மூச்சுத் தசை வரைக்கும் போய்விட்டவை தேறா.

கொஞ்சம் வளர்ந்த கோழிக்கு, ஒரு கால் முன்னே ஒரு கால் பின்னே நீட்டிக்கொண்டு கழுத்தும் தளர்ந்தால் மேரக் நோயைச் சந்தேகிக்க வேண்டும். அதைப் பதிவுசெய்த ஹங்கேரி மருத்துவர் யோசெஃப் மாரெக்கின் பெயரில் வந்தது, ஆண்டு 1907. வைரஸ் நோய், மருந்து கிடையாது. பொரிப்பகத்தில் முதல் நாளிலேயே ஊசி போட்டுவிடுவார்கள். வீட்டில் அடைவைத்துப் பொரித்த குஞ்சுக்கு அந்த ஊசி இருக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

கழுத்தை நீட்டி வாயைப் பிளக்கிற குஞ்சுக்குக் கோளாறு கழுத்தில் இல்லை, மூச்சில். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் என்றால் வெப்பம். நிழலுக்கு மாற்றித் தண்ணீர் காட்டினால் அடங்கும். நிழலில் இருந்தும் கழுத்தை நீட்டி நீட்டி மூச்சிழுத்து, தலையை உதறினால் சளி நோயாக இருக்கலாம், மூச்சுக்குழலில் புழுவாகவும் இருக்கலாம். தீனிப்பையையும் தொட்டுப் பாருங்கள். மார்புக்கு மேலே, சற்று வலப்பக்கமாக இருக்கும். காலையில் தீனி வைக்கும் முன்னே அது காலியாக இருக்க வேண்டும். கல்லாக இறுகியோ, புளித்த நாற்றத்தோடு தளும்பியோ இருந்தால், குஞ்சு கழுத்தை நெளிப்பது அந்த அவஸ்தையால்தான்.

இப்போது திருகலுக்கு வருவோம். தலை ஒரு பக்கம் சாயும், தலைகீழாகச் சுழன்று நிற்கும், அல்லது பின்னால் மடங்கி முதுகில் படிந்து வானத்தைப் பார்க்கும். குஞ்சு முன்னே நடக்க நினைத்துப் பின்னால் நகரும், தட்டைக் கொத்தப் போய்த் தரையைக் கொத்தும். பார்க்கவே பாவமாக இருக்கும். இங்கே மூன்று வழிகளில் காரணம் தேட வேண்டும்: தீனி, அடி, கிருமி.

தீனியிலிருந்து தொடங்குகிறேன். வைட்டமின் பி1 குறைந்தால் கோழியின் நரம்புகள் தளர்கின்றன. முதலில் கால்விரல், அப்புறம் கால், இறக்கை, கடைசியாகக் கழுத்து. கழுத்தின் முன்பக்கத் தசை வேலை நிறுத்திவிட, பின்பக்கத் தசை மட்டும் இழுக்கும். அதனால்தான் தலை முதுகுப்பக்கம் சாய்ந்து, குஞ்சு மடக்கிய காலில் உட்கார்ந்தபடி ஆகாயத்தைப் பார்க்கிறது. இளங்குஞ்சுக்கு இது இரண்டு வாரம் நிறைவதற்குள்ளேயே, நேற்று நன்றாக இருந்ததே என்னும்படி திடீரென்று வரும்.

இந்தச் சத்து உலகத்துக்குத் தெரியவந்ததே கோழியால்தான். 1890-களில் ஜாவாவின் படேவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், கிறிஸ்தியான் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், மனிதர்களுக்கு நரம்பு தளரும் பெரிபெரி நோய்க்குக் கிருமி தேடிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடத்துக் கோழிகள் திடீரென்று கால் தளர்ந்து விழுந்தன. பிறகு தானாகவே தேறின. விசாரித்ததில் விஷயம் அடுப்படியில் இருந்தது. ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டுவந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்து அரிசியைச் சாதாரணக் கோழிக்குக் கொடுக்க மாட்டேன் என்று மறுத்துவிட, தீட்டாத அரிசிக்கு மாறினார்கள். கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டில் இருந்த ஏதோ ஒன்று அவற்றைக் காப்பாற்றியது. ஐக்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ‘ஏதோ ஒன்றை’ 1926-இல் அதே ஜாவாவில் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1936-இல் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் பிறந்தது, அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில்.

இந்தக் கதையை நான் இழுத்துச் சொல்வதற்குக் காரணம், நம் வீட்டுக் குஞ்சுக்கு நாம் போடுவது பெரும்பாலும் நொய் என்பதுதான். மில்லில் தீட்டி உடைந்த அரிசி. அதிலும் பச்சரிசி நொய் என்றால் பி1 கிட்டத்தட்டப் போய்விட்டது. நெல்லை அவிக்கும்போது சத்து உள்ளே இறங்கிவிடுவதால் புழுங்கல் நொய்யில் கொஞ்சம் மிஞ்சும். தாயோடு மேய்கிற குஞ்சுக்கு இதனால் கேடு வராது. புழு, பூச்சி, புல் நுனி, கறையான் என்று அது தன் குறையைத் தானே நிரப்பிக்கொள்ளும். பருந்துக்குப் பயந்து நாள் முழுக்கப் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து வைத்து, நொய்யும் தண்ணீரும் மட்டும் காட்டினால்தான் படேவியா நம் கொல்லைக்கு வந்துவிடுகிறது.

எங்கள் தெருவில் மீன் விற்கிற அக்கா ஒருமுறை கேட்டார்: “மீன் குடலைப் பச்சையா ஆசையாத் தின்னுதே தம்பி, அதுல சத்து இல்லையா?” சத்து இருக்கிறது அக்கா. ஆனால் சில வகை மீன்களில், அதுவும் குடலில், பி1-ஐச் சிதைக்கிற நொதி ஒன்றும் இருக்கிறது. தினமும் பச்சையாகப் போட்டால் குஞ்சு தின்ற தவிடும் பயனில்லாமல் போகும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். ஒரு கொதி விட்டுப் போடுங்கள், போதும்.

பி1-க்கு இன்னொரு பகை மருந்து டப்பாவிலேயே இருக்கிறது. இரத்தக்கழிச்சலுக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் ஆம்ப்ரோலியம், உருவத்தில் பி1-ஐ ஒத்தது. கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணி அதைச் சத்தென்று நம்பி எடுத்துப் பட்டினியாகிச் சாகும். அளவு கூடினாலோ, சொன்ன நாளைத் தாண்டிக் கொடுத்தாலோ குஞ்சும் அதே போல ஏமாறும். மருந்து கொடுத்து முடிக்கிற நேரத்தில் கழுத்து திருகினால் இதைக் கணக்கில் எடுங்கள். அதே காரணத்தால், ஆம்ப்ரோலியம் ஓடிக்கொண்டிருக்கும்போது பி1-ஐ அள்ளி ஊற்றவும் கூடாது; கழிச்சல் மருந்து வேலை செய்யாது. எதை நிறுத்தி எதைத் தொடர்வது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அடுத்தது வைட்டமின் ஈ. இது குறைந்தால் சிறுமூளை வீங்கி இரத்தம் கசியும். பெரும்பாலும் 15 முதல் 30 நாள் வயதில் வரும். குஞ்சு தள்ளாடும், மல்லாந்து விழும், கால் வெடவெடக்கும், தலை பின்னாலோ பக்கவாட்டிலோ முறுக்கும். காரணம் பெரும்பாலும் பழைய தீனி. எண்ணெய்ச் சத்துள்ள தீனி கெட்டு சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும்போது, அதிலிருக்கும் வைட்டமின் ஈ முதலில் அழிகிறது. மூட்டை திறந்து மாதக்கணக்கில் கிடந்த தீவனம், மழைக்காலத்தில் பூத்த புண்ணாக்கு இரண்டையும் மோந்து பாருங்கள். தவிட்டிலும் இதே வில்லங்கம். பி1 நிறைந்த தவிடுதான் சீக்கிரமாகச் சிக்கும் பிடிக்கும். பச்சை நெல் தவிடு இன்னும் வேகமாக. ஆகவே தவிட்டை ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவே வாங்குங்கள்.

அடிபட்டது என்பதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரே ஒரு குஞ்சு, மற்றவை கலகலப்பாக இருக்கும். தலையில் கொத்துக் காயம், இறகு பிய்ந்த இடம், இரத்தக் கட்டு தெரியும். அடுத்தவீட்டுப் பெட்டை கொத்தியிருக்கும், காக்கை தூக்கிப் போட்டிருக்கும், குழந்தை கைநழுவ விட்டிருக்கும். தலையில் இறகுக் கொண்டை உள்ள இனங்களுக்கு மண்டையோடு மென்மை. சின்னத் தட்டே போதும். காதுக்குள்ளும் ஒரு தடவை பாருங்கள். வீக்கமோ, தயிர்க்கட்டியாகச் சீழோ இருந்தால் தலை அந்தப் பக்கம் சாயும்.

இனி மூன்றாவது வழி, எல்லோரும் பயப்படுகிற வழி. வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட். இங்கே கழுத்து மட்டும் தனியாகக் கெடாது. முதலில் கோழி குறுகி உட்காரும், இறக்கை தொங்கும், தீனி எடுக்காது. வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், மூச்சு கரகரக்கும். கழுத்துத் திருகலும் கால் இறக்கை முடக்கமும் இவற்றோடு சேர்ந்தோ, பிழைத்தவற்றுக்குப் பின்னாலோ வரும். ஒன்று விழுந்தால் இரண்டு மூன்று நாளில் நாலைந்து விழும். கழுத்து திருகிய குஞ்சின் அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து அரைமணி நேரம் விடுங்கள். பழுப்பாக, உருண்டு, நுனியில் கொஞ்சம் வெள்ளையோடு எச்சம் விழுந்தால் மனம் ஆறலாம். தாள் நனைந்து பச்சையும் சுண்ணாம்புமாகப் பரவினால், மற்ற கோழிகளிலிருந்து அதை உடனே பிரியுங்கள்.

இந்த வைரஸுக்கு மருந்து இல்லை. சீரகம், மிளகு, கீழாநெல்லி, மஞ்சள் அரைத்துக் கொடுப்பார்கள். கோழி தெம்பாக இருக்க அது உதவலாம், கிருமியைக் கொல்லும் என்று நம்பி மற்றவற்றை விட்டுவிடாதீர்கள். திருகிய கழுத்தோடு பிழைத்த கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் கூடாது. அது கிருமியைச் சுமந்து போகும். ஒரே நாளில் காரணம் தெரியாமல் பல கோழிகள் விழுந்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். வெறுங்கையால் தொடாமல், அறுக்காமல், கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ சொல்லிவிடுங்கள்.

தடுப்பு மட்டும் நம் கையில் இருக்கிறது. பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாவது வாரத்தில் மறுபடி, எட்டாவது வாரத்தில் ஆர்2பி ஊசி. ஆர்2பியை ஆறு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்குப் போடக் கூடாது. இவை உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்தவை. பனிக்கட்டியிலேயே கொண்டுவந்து, கலக்கிய பின் உடனடியாகப் போட்டுவிட வேண்டும். கோடைக்கு முன்னால், பிப்ரவரி வாக்கில், கால்நடைத் துறை கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்தும். ஊசிக்குப் பிடிபடாத கோழிகளுக்காகத் தீனியோடு தின்னக்கூடிய குருணை வடிவத் தடுப்பு மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. உங்கள் மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கழிச்சல் இல்லை, மூச்சு சுத்தம், ஒன்றிரண்டு குஞ்சுக்குத்தான் திருகல் என்று வைத்துக்கொள்வோம். அப்போது வீட்டிலேயே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. காரணம் அடியா, சத்தா என்று உறுதியாகத் தெரியாவிட்டாலும் வைத்தியம் ஒன்றுதான்: சூடு, அமைதி, கையால் ஊட்டல், பி1, ஈ.

அட்டைப்பெட்டியில் கோணித் துண்டை விரித்து, பழைய துண்டில் சும்மாடு கூட்டி அதற்குள் குஞ்சை உட்கார வையுங்கள். கழுத்துக்கு அது முட்டுக் கொடுக்கும், குஞ்சு புரண்டு புரண்டு களைத்துப் போகாது. முதல் வாரக் குஞ்சுக்கு 35 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கதகதப்பு வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் பல்பைத் தொங்கவிடுங்கள், சூடு கூடினால் குஞ்சு நகர்ந்துகொள்ளட்டும். துணையில்லாமல் கத்திக்கொண்டே இருந்தால், கொத்தாத சாதுக் குஞ்சு ஒன்றைப் பக்கத்தில் விடலாம். கழுத்தை மட்டும் பிடித்து நேராக்க முயலாதீர்கள். அது எலும்பு விலகி வந்த கோணல் இல்லை, இழுத்தால் வலிதான் மிஞ்சும்.

ஊட்டுவதில்தான் நிறையக் குஞ்சுகள் போய்விடுகின்றன. மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னால் நடுவில் திறந்திருக்கிறது. அலகைப் பிளந்து தண்ணீரை ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போகும். குஞ்சை இடது உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தலையின் இரு பக்கமும் தாங்க, தலையை இயல்பான உயரத்தில் பிடியுங்கள். அலகின் பக்கவாட்டு ஓரத்தில் ஒரே ஒரு சொட்டு. தொண்டை அசைந்து விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த சொட்டு. கம்பு மாவையோ குஞ்சுத் தீவனத்தையோ தளர்வாகக் கரைத்து, அவித்த மஞ்சள் கரு சிறிது மசித்துச் சேர்த்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தீனிப்பை பாதி நிரம்பும் வரை ஊட்டுங்கள். இரவில் விட்டுவிடலாம்.

மருந்துக்கு, மெடிக்கலில் கிடைக்கும் பி-காம்ப்ளக்ஸ் சிரப் இரண்டு மூன்று சொட்டு, காலையும் மாலையும். சீட்டில் பி1 இருக்கிறதா என்று படித்து வாங்குங்கள். கோழிக்கென்றே விற்கிற சில சொட்டு மருந்துகளில் ஏ, டி3, ஈ, பி12 இருக்கும், பி1 இருக்காது. அதை ஊற்றிவிட்டுக் கழுத்து நேராகவில்லையே என்று குழம்புகிறவர்கள் நிறையப் பேர். வைட்டமின் ஈ-க்கு 400 ஐ.யூ. காப்ஸ்யூலை ஊசியால் குத்தி, நாளுக்கு ஒரு சொட்டு கூழில் பிழியலாம். ஈ-யோடு சேர்ந்து வேலை செய்யும் செலினியம் மஞ்சள் கருவிலேயே கொஞ்சம் வந்துவிடும். தனியாக வாங்கி ஊட்டாதீர்கள், அளவு சற்றுக் கூடினாலும் அது விஷம்.

பி1 குறைதான் காரணம் என்றால் வித்தியாசம் அன்றைக்கே தெரியலாம். காலையில் கொடுத்தால் மாலையில் தலை தூக்கும். ஈ குறைவும் தலையில் அடியும் அப்படி இல்லை. வாரக்கணக்கில் ஆகும், சிலதுக்குக் கொஞ்சம் கோணல் நிரந்தரமாகத் தங்கும். கோணலோடே தட்டைக் கண்டுபிடித்துத் தின்னப் பழகிய கோழி முட்டையும் இடும். நேரான பிறகும் ஒரு வாரம் மருந்தைத் தொடருங்கள். பயமோ வெயிலோ பட்டால் திருகல் திரும்பும். இரண்டு நாள் ஒழுங்காக ஊட்டியும் விழுங்கவே முடியவில்லை, வலிப்பு வந்து வந்து போகிறது என்றால், மேலும் இழுத்தடிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். காப்பாற்ற முடியாது என்று அவர் சொன்னால் அதையும் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொன்று. பொரித்த இரண்டு மூன்று நாளிலேயே குஞ்சுகளுக்குத் திருகல் கண்டால், குறை குஞ்சின் தட்டில் இல்லை, தாயின் தட்டில் இருக்கிறது. முட்டைக்குள் போன சத்துதான் குஞ்சின் முதல் வாரத்துக் கையிருப்பு. அதனால் அடுத்த அடைக்கு முட்டை சேர்க்கத் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பிருந்தே பெட்டைக்கும் சேவலுக்கும் நொய்யைக் குறைத்து, கம்பும் கேழ்வரகும் புதுத் தவிடும் கீரையும் கூட்டுங்கள். மாலையில் ஒரு மணி நேரமாவது திறந்து மேய விடுங்கள். மெடிக்கலில் வாங்கும் சொட்டு மருந்தைவிட இது மலிவு. அதற்குக் கடை மூடுகிற நேரமும் கிடையாது.